குரோமோசோம் அறிக்கையைப் படிக்கும் முறை

சிங்கப்பூரில் மருத்துவர் உங்கள் கையில் தரும் குரோமோசோம் (உயிரணுவில் மரபணுக்களைத் தாங்கும் இழை) அறிக்கையில் முதலில் எண்ணைப் பாருங்கள். 46 என்பதே வழக்கமான எண்ணிக்கை, பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் 23. காற்புள்ளிக்குப் பின் வருவது பாலைக் குறிக்கும் குரோமோசோம்கள்: எக்ஸ்எக்ஸ் என்றிருந்தால் பொதுவாகப் பெண், எக்ஸ்ஒய் என்றிருந்தால் பொதுவாக ஆண். 'பொதுவாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஏனெனில், விந்தகம் வளரத் தூண்டும், 1990இல் அடையாளம் காணப்பட்ட எஸ்ஆர்ஒய் மரபணு, தந்தையின் விந்தணு உருவாகும்போது ஒய் குரோமோசோமின் குறுங்கையிலிருந்து (அதன் இரு பகுதிகளில் குட்டையானது) எக்ஸுக்கு இடம்மாறிவிட்டால், எக்ஸ்எக்ஸ் கொண்ட கருவிலும் விந்தகம் வளரக்கூடும். அதே மரபணு செயலிழந்தால், எக்ஸ்ஒய் கொண்ட கரு பெண் உடலாக வளரும்.

தாயின் கருமுட்டை வழக்கமாக எக்ஸையே தருகிறது; எக்ஸா ஒய்யா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. பெண் பிறந்ததற்கு மருமகளைக் குறைகூறும் மாமியாரிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

45 அல்லது 47 என்றிருந்தால், இணையத்தில் தேடுவதற்கு முன் மரபியல் ஆலோசகரைச் சந்தியுங்கள்.