லேனா ஆற்றின் தேநீர் நிறம் கடலில் என்ன ஆகிறது? எக்செல்லில் ஒரு முதல் மாதிரி

சைபீரியாவின் லேனா ஆற்றில் பனிக்கட்டி உடைந்து புதுவெள்ளம் வரும்போது தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். காட்டு மண்ணில் மக்கிய இலைதழைகளின் சாறு அது. 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தாலும் அந்த நிறம் போகாது. அப்படி வடிதாளைத் தாண்டி வருவதைத்தான் கரைந்த கரிமப் பொருள் என்கிறோம். உலகக் கடல்நீரில் ஏறக்குறைய 1 சதவீதமே உள்ள ஆர்க்டிக் பெருங்கடலுக்கு, லேனா போன்ற ஆறுகள் வழியே உலக ஆற்றுநீரில் 10 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேருகிறது. அதனால்தான் இந்த ஆற்றை எடுத்துக்கொண்டேன்.

படி 1: தரவு

ஆர்க்டிக் கிரேட் ரிவர்ஸ் அப்சர்வேட்டரி தளத்தில் லேனா உட்பட ஆறு பேராறுகளின் தரவு இலவசமாகக் கிடைக்கும். தேதி, நீர்வரத்து (விநாடிக்குக் கன மீட்டர்), கரிமச் செறிவு (லிட்டருக்கு மில்லிகிராம்) ஆகிய மூன்று பத்திகள் போதும்.

படி 2: ஆறு சுமந்து வரும் அளவு

நீர்வரத்தைச் செறிவால் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கிராம் என்று நேராகவே வந்துவிடும். 10,000 கன மீட்டரும் 10 மில்லிகிராமும் என்றால் விநாடிக்கு 100 கிலோ, நாளுக்கு 8,640 டன்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஆண்டுச் சராசரி நீர்வரத்தை ஆண்டுச் சராசரிச் செறிவால் பெருக்காதீர்கள். புதுவெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறும். பயிற்சிக்கு இரண்டு நாட்களை வைத்துப் பாருங்கள்: குளிர்காலத்தில் 5,000 கன மீட்டர், 6 மில்லிகிராம், வெள்ளத்தில் 60,000 கன மீட்டர், 14 மில்லிகிராம். நாள்வாரியாகப் பெருக்கிப் பிறகு சராசரி எடுத்தால் விநாடிக்கு 435 கிலோ. சராசரிகளைப் பெருக்கினால் 325 கிலோதான். கால்வாசி கண்ணெதிரே காணாமல் போகிறது! கோடையில் மட்டும் ஆற்றுநீரைச் சேகரித்து அளந்த காலத்தில் ஆர்க்டிக் கணக்குகள் குறைவாக வந்ததும் வெள்ளத்தைத் தவறவிட்டதால்தான்.

செறிவை ஆண்டுக்குச் சில நாட்களே அளந்திருப்பார்கள். அந்த நாட்களின் நீர்வரத்துக்கும் செறிவுக்கும் லாக் (மடக்கை) எடுத்து, நேர்கோடு பொருத்தி, மற்ற நாட்களின் செறிவை அந்தக் கோட்டிலிருந்து எடுங்கள்.

படி 3: கலப்புக் கோடு

உப்பளவு 0 உள்ள ஆற்றுநீரில் கரிமச் செறிவு 10, உப்பளவு 32 உள்ள கடல்நீரில் 1 என்று வைத்துக்கொள்வோம். வெறும் கலப்பு மட்டுமே நடந்தால் உப்பளவு ஏற ஏறச் செறிவு நேர்கோட்டில் இறங்கும், உப்பளவு 16-இல் 5.5 இருக்க வேண்டும். அளந்தது அதற்குக் கீழே இருந்தால், வெயிலோ பாக்டீரியாவோ கரிமத்தைச் சிதைத்திருக்கலாம். அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். கடல்பனி உருகிய நீரும் உப்பைக் குறைக்கும். ஆனால் அதில் கரிமம் மிகக் குறைவு என்பதால் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கும். ஆற்றின் செறிவே போன மாதம் வேறாக இருந்திருந்தாலும் கோடு வளைந்தது போலத் தெரியும்.

படி 4: சிதைவு

கரையோரக் கடலை ஒரே தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வெளியேறும் முன் அதில் சராசரியாக இருக்கும் காலமே தங்கும் காலம். வரத்தும் இழப்பும் சமமாக இருக்கும்போது:

தொட்டியில் இருப்பு = ஆண்டு வரத்து ÷ (சிதைவு வீதம் + 1 ÷ தங்கும் காலம்)

சிதைவு வீதம் ஆண்டுக்கு 0.25, தங்கும் காலம் 2 ஆண்டு என்று போட்டால் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே சிதைகிறது (இருப்பு × சிதைவு வீதம்). தங்கும் காலத்தை 1 ஆண்டாக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான். புதுவெள்ளக் கரிமம் கோடைக் கரிமத்தைவிட விரைவாகச் சிதையக்கூடியது. ஆகவே அடுத்து அதற்கென்று தனித் தொட்டி, தனிச் சிதைவு வீதம் கொடுத்து இதே கணக்கை ஓட்டிப் பாருங்கள்.