மாசியில் ஒரு தடவை, ஓணத்துக்கு முன்னால் ஒரு தடவை

எனக்கு ரப்பர் பால்வெட்டு வேலை, குலசேகரம் பக்கம். விடியுமுன்னே மூன்று மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம். ஒரு நாள் வெட்டு போனால் கூலி போச்சு. அந்தக் கணக்குப் பார்த்தே ஒரு கடவாய்ப்பல்லைத் தொலைத்தேன். வலித்தது, கிராம்புத் தைலம் வைத்தேன், மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கினேன். ஒரு நாள் வலி தானாக நின்றது. குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். உள்ளே நரம்பு செத்ததால் நின்ற வலி அது என்பது, நாலு மாசம் கழித்துத் தாடை வீங்கின பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும். பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

பல்லின் மேலோடான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதற்குள் நிற்கிற வரை ஒன்றும் உறைக்காது, அடைத்தாலே போதும். ராத்திரி தூங்க விடாத வலி வந்தால் பெரும்பாலும் வேர் சிகிச்சைதான் (ரூட் கெனால்). ஆகவே வலியில்லாத நாளிலேயே பல் டாக்டரிடம் காட்டப் போங்கள்.

தேதி ஓர்மையில் நிற்காது, பருவம் நிற்கும். மாசியில் இலை உதிர்ந்து வெட்டு ஓய்கிறபோது ஒரு தடவை போவேன், ஓணத்துக்கு முன்னால் இன்னொரு தடவை. இந்த ஆறு மாச இடைவெளி எல்லோருக்கும் பொது அளவு இல்லை. சர்க்கரை உள்ளவர்களையும் வெற்றிலை போடுகிறவர்களையும் இன்னும் சீக்கிரம் வரச் சொல்வார்கள்.

இடையில் மாசம் ஒரு தடவை வீட்டிலேயே வாயைப் பாருங்கள். நான் வெட்டு லைட்டையே கட்டிக்கொண்டு சவரக் கண்ணாடி முன்னால் நிற்பேன். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். கீழுதட்டைப் புரட்டுங்கள். கன்னத்தை விரலால் வெளியே இழுத்து உள்பக்கம் பாருங்கள். நாக்கை ஒரு துணியால் பிடித்து இரண்டு ஓரமும், பிறகு தூக்கி அடிப்பக்கமும் பாருங்கள். பலரும் விட்டுவிடுகிற இடம் இந்த ஓரமும் அடியும்தான். துடைத்தாலும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தடிப்பு, ஆடுகிற பல் இருந்தால் மாசிக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை என்றால், பாக்குப் போடுகிறவர்களுக்கு அது பாக்கின் வேலையாக இருக்கலாம்.

என் மைனி பல் ஆடுகிறது என்று காட்டப் போனாள். டாக்டர் கன்னத்தை இழுத்ததும், "பல்லைப் பாக்கச் சொன்னா கன்னத்தை எதுக்கு இழுக்கிய?" என்று சண்டை. முறுக்கான், அதாவது வெற்றிலைபாக்கு, ஒதுக்குகிற இடத்திலேயே சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைத் திட்டு. "போயிலை கிடையாது, வெறும் பாக்குதான்" என்றாள். வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வெளியிட்டிருக்கிறது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை. இப்போது முறுக்கானை விட்டுவிட்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை காட்டுகிறாள்.

நமக்குப் பக்கத்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வந்தது.

போகிற அன்று சாப்பிட்டு, பல் தேய்த்துவிட்டுப் போங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையைச் சொல்லாமல் பல் பிடுங்க உட்காரக் கூடாது. நீங்களாக அதை நிறுத்தவும் கூடாது. பீடி, பாக்கு விஷயத்தில் பொய் வேண்டாம், வாய் காட்டிக்கொடுத்துவிடும். "நாக்கடியும் கன்னமும் பாருங்க" என்று கேளுங்கள்.

கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கல்லாக இறுகின காரை பிரஷுக்குப் போகாது. அதை எடுத்ததும் அது அடைத்திருந்த இடைவெளி தெரிகிறது, நாலு நாள் கூசுகிறது. அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்த பல்லைத்தான் காரை பிடித்து வைத்திருக்கும்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கிற கடவாய்ப்பல் விழுந்து முளைக்கிற பல் இல்லை. என் பேரனுக்கு அதில் கறுப்புக் கோடு தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் "விழப் போற பல்லுதானே" என்றார்கள். அடைக்க அரை மணி நேரம் ஆயிற்று, அவன் அழவும் இல்லை.