1942 காட்சிக்குச் சுவரொட்டி தயாரிப்பது எப்படி

பள்ளி நாடகமோ கண்காட்சியோ, முதலில் காட்சி எந்த ஆண்டில் நடக்கிறது என்று பாருங்கள். 1928 என்றால் ‘சைமனே திரும்பிப் போ’. 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு ‘வந்தே மாதரம்’ பொருந்தும். ‘வெள்ளையனே வெளியேறு’ 1942 ஆகஸ்ட் போராட்டத்தின் முழக்கம். உப்புக் காய்ச்சும் காட்சிக்குப் பின்னால் அதைத் தொங்கவிடுவது வருடா வருடம் நடக்கும் கூத்து. கொடி வரைந்தால் நடுவில் ராட்டை. அசோகச் சக்கரம் 1947 ஜூலையில்தான் ஏறியது.

அடுத்து எழுத்து. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். 1978 சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நான்கிலும் இப்போதுள்ள ஐகாரக் குறி கிடையாது. யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடு ஒட்டி நிற்கும். (பெரியாரின் ஏடுகள் விதிவிலக்கு.) ‘வெள்ளையனே’வில் ஒரு ‘ளை’ இருக்கிறது. கணினியில் அச்செடுத்தால் அந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். பழைய புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கையால் எழுதுங்கள்.

இரண்டு வரியாகப் பிரியுங்கள். கொம்புக்கும் ஓர் எழுத்தின் இடம் வேண்டும். அதை மறப்பதால்தான் கடைசி எழுத்து ஓரத்தில் நசுங்குகிறது. பழைய ‘ளை’யோடு முதல் வரிக்கு 7 கட்டம், இரண்டாவதற்கு 6. தாள் 20 அங்குல அகலம் என்றால் கட்டத்துக்கு இரண்டரை அங்குலம். இரு பக்கமும் ஒன்றே கால் அங்குலம் மிஞ்சும். பென்சிலில் கட்டம் போட்டுவிட்டே தூரிகையைத் தொடுங்கள்.

மைக்குக் காவிப் பொடி போதும். வெறும் தண்ணீரில் கரைத்தால் காய்ந்ததும் கையோடு வந்துவிடும். 100 கிராமுக்கு 2 கரண்டி பசை சேர்த்து, தோசை மாவுப் பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்த்துப்போனால் தாளில் ஊறிப் பரவும்.

பசைக்கு 100 கிராம் மைதா. 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 500 மில்லி தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும். கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். மறுநாள் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

சுவரின் தூசியைத் துடைத்துவிட்டு, சுவரில் மெல்லியதாகப் பசை தடவி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். வெயில் படும் சுவரில் ஓரம் சுருண்டு எழும். சொந்தச் சுவர் இல்லையென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். அட்டைத் தட்டியில் சுண்ணாம்பு பூசிக்கொண்டாலும் சரி.

தேநீரில் நனைத்துப் பழுப்பாக்காதீர்கள். காட்சியில் அது முந்தின இரவு ஒட்டிய தாள்.