நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு மோஷன் சென்சார்: விலங்கு நடத்தையைப் பதிவு செய்யப் பழகுவோம்

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில் திரியும் பூமாக்களை (அமெரிக்கக் கண்டத்தின் பெரிய காட்டுப் பூனைகளை) கண்ணால் பின்தொடர்ந்து கவனிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் பொறியாளர் கேப்ரியல் எல்கைம், உயிரியலாளர் டெரி வில்லியம்ஸ் ஆகியோரின் குழு, ஜிபிஎஸ்ஸும் ஆக்சிலரோமீட்டரும் (முடுக்கத்தை அளந்து அசைவைக் காட்டும் சென்சார்) வைத்த கழுத்துப்பட்டையைப் பயன்படுத்தியது. 2014-ல் சயின்ஸ் இதழில் வந்த அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது, காட்டுக்குப் போகும் முன் செய்த வேலை. கூண்டில் வளர்ந்த பூமாக்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, எந்த வேகத்தில் சென்சார் என்ன காட்டுகிறது, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்துகொண்டார்கள். சென்சார் தருவது வெறும் எண்கள். எந்த எண் எந்த நடத்தை என்பதை நாம்தான் பார்த்துப் பொருத்த வேண்டும்.

காட்டு விலங்குக்குப் பட்டை கட்ட வனத்துறை அனுமதியும் கால்நடை மருத்துவரும் வேண்டும். வீட்டு நாயிடம் பழகுவோம்.

1. பொருட்கள்

3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினி (நிரல் எழுதி ஓடவிடும் சிறு கணினிப் பலகை), எம்பியு-6050 சென்சார் (ஆக்சிலரோமீட்டர் இதில்தான் இருக்கிறது), மைக்ரோ எஸ்டி கார்டு மாட்யூல், சிறிய லித்தியம் பேட்டரி. எல்லாம் சேர்ந்து நாயின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 கிலோ நாய்க்கு 300 கிராம். அதிலும் குறைவாக இருந்தால் நாய்க்கு நல்லது.

2. இணைப்பும் அமைப்பும்

சென்சாரின் எஸ்டிஏ (தரவு) பின்னை ஆர்டுயினோவின் ஏ4-க்கும், எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) பின்னை ஏ5-க்கும் இணையுங்கள். அளவெல்லையை ±8 ஜி என்று வையுங்கள் (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). ±2 ஜி போதாது. நாய் உடம்பை உதறும்போது அளவு எகிறி, வரைபடத்தின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். விநாடிக்கு 25 அளவுகள் எடுத்தால் நடை, ஓட்டம், படுக்கை எல்லாம் பிரித்தறியலாம். மூன்று அச்சுகளின் (ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளின்) அளவுகளையும் பைனரியாக எழுதினால் ஒரு நாளைக்குச் சுமார் 13 எம்பிதான்.

3. கட்டுவது

கனமான பேட்டரி தொண்டைப் பக்கம் தொங்கட்டும். அப்போதுதான் பட்டை சுழலாமல் நிற்கும். சுழன்றால் அச்சுகள் இடம் மாறி, தரவு குழம்பிவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாய் சொறிந்துகொண்டே இருந்தால் கழற்றிவிடுங்கள்.

4. வீடியோவோடு பொருத்துவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். போன் கேமராவை ஓடவிட்டு, அதன் முன்னால் பட்டையை மூன்று முறை தட்டுங்கள். தரவில் மூன்று கூர்முனைகள் தெரியும். வீடியோவின் நேரத்தை அங்கே பொருத்துங்கள். பிறகு நாயை அதன் போக்கில் விட்டுவிட்டு, “படுத்தது”, “நடந்தது”, “உதறியது” என்று நேரத்தோடு குறித்து வாருங்கள். ஓடச் சொல்லி ஓடவைத்த நாயும் பூனையைப் பார்த்து ஓடும் நாயும் ஒன்றல்ல. இரண்டும் பதிவாகட்டும்.

5. கணக்கு

நாய் அசையாமல் கிடந்தாலும் புவியீர்ப்பால் மொத்தம் 1 ஜி காட்டும். அது எந்த அச்சில் விழுகிறது என்பதிலிருந்து கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். ஒவ்வோர் அச்சிலும் 2 விநாடிச் சராசரியைக் கழியுங்கள். மிச்சம்தான் உண்மையான அசைவு. மிச்சத்தின் கூட்டல், கழித்தல் குறியை நீக்கி மூன்று அச்சுகளையும் கூட்டினால், உடல் எவ்வளவு இயங்குகிறது என்பதற்கு ஒரே எண் கிடைக்கும். படுத்திருக்கும்போது அது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், நடையில் சீராக ஏறி இறங்கும், உதறலில் சட்டென்று உயரும்.

6. சோதனை

குறித்து வைத்ததில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்குங்கள். எண்களை மட்டும் பார்த்து நாய் என்ன செய்தது என்று எழுதுங்கள், அப்புறம் வீடியோவைத் திறந்து சரிபாருங்கள். தின்பதும் மோப்பம் பிடிப்பதும் பெரும்பாலும் குழம்பும், ஏனென்றால் இரண்டிலும் தலை கீழே இருக்கும். அந்த இரண்டுக்கும் இன்னும் கொஞ்சம் வீடியோ எடுத்துச் சேருங்கள்.