புரோவான்ஸில் அந்துப்பூச்சி பார்க்க: ஒரு விளக்கு, ஒரு ஒயின் கயிறு

தென் பிரான்சின் புரோவான்ஸ் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கு இரவில் செய்ய நல்ல வேலை ஒன்று இருக்கிறது. விளக்கு வைத்தால் ஒரு கூட்டம் வரும், ஒயின் வைத்தால் வேறு கூட்டம் வரும். முடிந்தால் இரண்டையும் வையுங்கள்.

1. இரவைத் தேர்ந்தெடுங்கள். நிலா இல்லாத, புழுக்கமான இரவு நல்லது. இந்தப் பக்கத்துப் பலத்த வடகாற்றான மிஸ்ட்ரல் அடிக்கிறதா? பேசாமல் தூங்கிவிடுங்கள்.

2. துணியும் விளக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே கொடி கட்டி வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, முன்னால் புற ஊதா விளக்கை வையுங்கள். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். வசந்த கால இரவென்றால் நேரமானாலும் காத்திருங்கள். ஐரோப்பாவிலேயே பெரிய அந்துப்பூச்சியான சாட்டர்னியா பைரி வரக்கூடும். சிறகை விரித்தால் 15 செ.மீ. வரை இருக்கும், நான்கு சிறகிலும் கண் போன்ற வட்டங்கள். ஆனால் ஆண் பூச்சியை இழுப்பதில் பெண்ணின் வாசனைக்கு முன்னால் நம் விளக்கு ஒன்றுமே இல்லை. புரோவான்ஸின் செரிஞானில் வாழ்ந்த பூச்சி ஆய்வாளர் ஃபாப்ரின் வீட்டில், காலையில் கூட்டை விட்டு வெளிவந்த ஒரு பெண்ணைத் தேடி அன்றிரவே சுமார் 40 ஆண்கள் வந்துவிட்டன!

3. ஒயின் கயிறு. எனக்குப் பிடித்தது இதுதான். மலிவான சிவப்பு ஒயின் ஒரு பாட்டிலில் ஒரு கிலோ சர்க்கரையைப் போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கிக் கரையுங்கள். தடித்த பருத்திக் கயிற்றை அதில் ஊறவைத்து, பொழுது சாயும்போது ஓக் மரக் கிளைகளில் போடுங்கள். சாட்டர்னியா இதைச் சீண்டாது. வளர்ந்த பிறகு அது எதையும் உண்பதில்லை. கோடையில் கேட்டோகாலா என்ற அந்துப்பூச்சி இனங்கள் வரும். முன்சிறகு மரப்பட்டை நிறத்தில் இருப்பதால் முதலில் கண்ணில் படாது. சீண்டினால் சட்டென்று சிவப்போ மஞ்சளோ பின்சிறகைக் காட்டும். சிவப்பு வெளிச்சத்தில் மெல்ல அணுகினால் அவ்வளவாக மிரளாது.

4. படம். பக்கத்தில் அளவுகோல் வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போதும்.

5. விடியும் முன்பே விளக்கை அணைத்து, துணியில் உள்ளவற்றைப் புதருக்குள் மெல்ல உதறிவிடுங்கள். விட்டுவைத்தால் காலையில் பறவைகளுக்கு விருந்துதான்.

ஒன்று மட்டும் கவனம்: பைன் மரத்தில் கயிறு கட்ட வேண்டாம். கிளையில் வெள்ளை நூல் பந்து தெரிந்தால் அது ஊர்வலக் கம்பளிப்பூச்சியின் கூடு. கூடு காலியாக இருந்தாலும் அதிலுள்ள முடி தோலில் பட்டால் தடித்து அரிக்கும். நாய் முகர்ந்தால் நாக்கே வீங்கிப்போகும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.