பன்னீர் திராட்சைக்குக் கவாத்து: சாங்லியில் பார்த்தது, சேலத்தில் செய்தது

அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடிப் பந்தலில் ஏறிய பன்னீர் திராட்சை, முதல் மூன்று வருடம் இலையாகவே விட்டது. "வெட்டிப் போட்டுட்டு அந்த இடத்துல வடாம் காய வைக்கலாங்க" என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாள். குறை கொடியில் இல்லை. எனக்குத்தான் கத்தரி வைக்க மனசு வரவில்லை.

அப்புறம்தான் சாங்லி ஞாபகம் வந்தது. கப்பலில் எஞ்சினியராக இருந்தபோது, நிலக்கரி ஏற்ற சீனாவின் சின்ஹுவாங்தாவ் துறைமுகத்தில் நின்றோம். ஓய்வு நாளில் பக்கத்துச் சாங்லிக்குப் போனேன். போஹாய் கடலோர வட்டாரம், பின்னால் ஜியேஷி மலை. 1983-இல் சீனாவின் முதல் டிரை ரெட் ஒயின் (இனிப்பில்லாத சிவப்பு ஒயின்) தயாரான ஊர். நான் போனது நவம்பர், ஒரு பழம்கூட இல்லை. ஒரு பெரியவர் கொடியை ஒட்ட நறுக்கி, மிச்சத்தைப் பந்தலிலிருந்து இறக்கித் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடிக்கொண்டிருந்தார். அங்கே உறைகுளிரும் வறண்ட காற்றும் கொடியைக் கொன்றுவிடும். அதனால் புதைத்துவைத்து, குளிர் போனதும் தோண்டியெடுத்துத் திரும்பக் கட்டுகிறார்கள். அங்கே விளையும் ஒரு ரகத்துக்கு 'ரோஜா மணம்' என்று பேர். அது மஸ்கட் ஹாம்பர்க். நம்ம பன்னீர் திராட்சையும் அதேதான்.

அங்கே குளிர் கொடியைத் தூங்க வைக்கிறது. சேலத்து வெயிலில் அது தூங்கவே தூங்காது, தழைத்துக்கொண்டே போகும். அந்த வேலையை இங்கே கவாத்துதான், அதாவது குச்சிகளை அளவாக வெட்டிவிடுவதுதான், செய்ய வேண்டும்.

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வெட்டுங்கள். இலை முழுவதையும் உருவிவிடுங்கள். பந்தலில் படர்ந்த முதிர்ந்த பழுப்புக் குச்சிகளைப் பாருங்கள். பென்சில் கனமுள்ளதை அடியிலிருந்து நான்கு கணு விட்டு, கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்வாக வெட்டவும். மெலிந்ததை ஒன்றிரண்டு கணுவோடு நிறுத்திவிடவும். தாய்த்தண்டில் கை வைக்க வேண்டாம். வெட்டின நுனியில் தண்ணீர் சொட்டும். முதல் தடவை நான் மெழுகெல்லாம் தேடி ஓடினேன். தேவையே இல்லை, தானாக நின்றுவிடும்.

பூஞ்சை நோய் வராமலிருக்க அன்றைக்கே போர்டோ கலவை அடித்துவிடுவேன். பிளாஸ்டிக் வாளியில் இரண்டரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), இன்னொரு வாளியில் அதே அளவு தண்ணீரில் 50 கிராம் சுட்ட சுண்ணாம்பு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள், இல்லையென்றால் தளிர் கருகும்.

தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால் இரண்டு வாரத்தில் துளிர்க்கும். புதுத் தளிரிலேயே கடுகைக் கொத்தாக்கின மாதிரி பூங்கொத்து தெரியும். எனக்கு அந்த வருடம் பதினோரு கொத்து.

ஏப்ரல், மே மாதத்தில் பழம் வரும். பறிப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தண்ணீரை நிறுத்துங்கள். பறித்த பிறகு திராட்சை பழுக்காது, அதனால் கறுத்ததும் அவசரப்படாமல் ஒரு பழத்தைத் தின்று பாருங்கள். கொண்டைக்குருவி நமக்கு முன்னாலேயே தின்று பார்த்துவிடும், பழைய கொசுவலையைக் கட்டிவிடுங்கள்.

மே, ஜூனில் இன்னொரு கவாத்து உண்டு. அந்தக் காய்ப்பு மழையில் மாட்டும், சாம்பல் நோயும் வரும். நான் வெட்டுவேன், பழத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை.