டிசம்பரில் நிலாவெளியா? ஸ்நோர்க்கலிங் தீவு தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுச் சொந்தங்கள் பலரும் நத்தார் விடுமுறைக்கு விமானச் சீட்டைப் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் ஸ்நோர்க்கலிங் செய்ய, அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மிதந்தபடி கடலடியைப் பார்க்க, திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு எதிரே உள்ள சிறு தீவான "புறாமலைக்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். போகலாம், ஆனால் அந்த மாதத்தில் வேண்டாம். தீவைத் தேர்ந்துவிட்டு நாளைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நாள் கையில் இருக்கிறதென்றால், அந்த நாளில் எந்தக் கரைக்குக் காற்று மறைவாக இருக்கிறது என்று பார்த்துத்தான் தீவைத் தேட வேண்டும்.

இலங்கைக்குக் கடல் இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் வாடைக்காற்று கிழக்குக் கரையில் நேராக வந்து மோதும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை நிலாவெளியில் அலை எழும், மணல் கலங்கும், படகு விடுவதே சந்தேகம். அதே மாதங்களில் ஹிக்கடுவை, உனவட்டுன, கற்பிட்டிப் பக்கம் கடல் படுத்துக் கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழ்: தென்மேற்குக் கரை கொந்தளிக்க, திருகோணமலையும் பாசிக்குடாவும் தெளிந்துவிடும். ஏப்ரலும் ஒக்டோபரும் இடைக்காலம். காற்று குறைவு, ஆனால் பிற்பகலில் இடிமழை வரும்.

அயல் தீவுகளையும் இதே கணக்கில் பாருங்கள். மாலைதீவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். இலட்சத்தீவும் அந்தமானும் கிட்டத்தட்ட அதே பருவம்தான். இலட்சத்தீவுக்கு இந்தியக் குடிமக்களே முன்கூட்டி அனுமதி பெற வேண்டும். ஆகவே டிசம்பரில் லீவு என்றால் மாலைதீவு அல்லது ஹிக்கடுவை. ஆடி, ஆவணியில் லீவு என்றால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் திருகோணமலைக்கு ஈடில்லை என்பது எங்கள் துணிபு. ஊர்ப் பற்று கொஞ்சம் கலந்திருக்கலாம், காற்றின் கணக்கு மட்டும் மாறாது.

கரையில் அலையில்லை என்றதும் ஆபத்தில்லை என்று நினைப்பது

நல்ல பருவத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு திருகோணமலைப் பக்கம் அடிப்பது கச்சான். அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. அலை எழும்ப இடமில்லாததால் கரையோரம் குளம் போலத் தெரியும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்த்துக்கொண்டே மிதப்பவரை அதே காற்று மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். தலை தூக்கிப் பார்க்கும்போது கரை தூரத்தில் இருக்கும், திரும்பி நீந்துவதோ காற்றை எதிர்த்து. லைஃப் ஜாக்கெட் போட்டவர் மூழ்கமாட்டார், ஆனால் இன்னும் வேகமாக அடித்துச் செல்லப்படுவார். நீருக்கு மேலே துருத்தி நிற்கும் அந்த அங்கியில் காற்று பிடிக்கும்.

கைபேசியில் காற்று முன்னறிவிப்பைத் திறந்து வேகத்தை மட்டும் பார்க்காமல் திசையையும் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் என்றால் புதியவர்கள் இறங்க வேண்டாம். கடலில் அங்கங்கே வெண்ணுரை உடைவதே அதற்கு அடையாளம். நாளில் காலைப் பொழுதுதான் பொதுவாகத் தெளிவும் அமைதியும். திமிங்கிலம் பார்க்கும் பயணத்தையும் புறாமலையையும் ஒரே நாளில் அடைக்கும் சுற்றுலாப் பொதிகளைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். திமிங்கிலத்துக்கு விடியற்காலையில் போய் வந்து சேரும்போது நேரம் ஏறிவிடும், புறாமலைக்குக் காற்றும் கலங்கிய நீரும் கூட்டமும்தான் மிஞ்சும். இரண்டு காலைகளை ஒதுக்குங்கள்.

நீல நிறத்தைப் பார்த்து ஏமாறுவது

விளம்பரப் படத்தில் பாலும் நீலமும் கலந்தாற்போல் மின்னும் நீருக்கு அடியில் இருப்பது வெறும் வெண்மணல். மணலில் மீனுக்கு என்ன வேலை? ஸ்நோர்க்கலிங்குக்கு வேண்டியது முருகைக்கற்பாறை (பவளப்பாறை), மேலிருந்து பார்த்தால் அது பழுப்பாகவோ கருநீலமாகவோ திட்டுத் திட்டாகத் தெரியும். பாசிக்குடா குளிக்கவும் குழந்தைகளை விளையாட விடவும் அருமையான குடா. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் மீன் தேடி அங்கே அறை எடுப்பவர் கடைசியில் படகு பிடித்துக் காயங்கேணிப் பக்கம் போக வேண்டியிருக்கும். மாலைதீவில் நீருக்கு மேல் கட்டிய விலையுயர்ந்த குடில்கள் பலவும் இப்படி மணற்களப்பின் மேல் நிற்பவைதான்.

பணம் கட்டுமுன் செய்மதி வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரைக்கும் பழுப்புத் திட்டின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. 50 முதல் 100 மீற்றருக்குள் என்றால் கரையிலிருந்தே இறங்கலாம். 300 மீற்றரைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் படகுச் செலவு. விடுதிக்காரரிடம் "ஸ்நோர்க்கலிங் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். "கரையிலிருந்து நீந்திப் போகலாமா, எத்தனை மீற்றர், எந்த இடத்தால் இறங்குவது?" என்று கேளுங்கள்.

பழைய படத்தை நம்புவது

முருகை உயிருள்ளது, கடல்நீரின் சூடு கூடினால் வெளிறும், சூடு நீடித்தால் சாகும். 1998இல் ஹிக்கடுவை உட்படத் தென்மேற்குக் கரை பெருமளவு வெளிறியது, திருகோணமலைப் பக்கம் அப்போது பெரிதும் தப்பியது. மாலைதீவு 1998, 2016 இரண்டிலும் அடி வாங்கியது. 2024இல் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. கிளை முருகை நல்ல சூழலில் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் அளவில் வளரும், உருண்டைக் கல் வகையோ ஒரு சென்ரிமீற்றர் போல. ஆக எந்த வகை இருந்தது என்பதைப் பொறுத்து மீளும் வேகம் மாறும், ஒரே தீவின் இரு பக்கங்கள்கூட ஒன்றாக இருக்காது. கடந்த மூன்று மாதங்களுக்குள் நீருக்கடியில் எடுத்த படத்தைக் கேளுங்கள். கடற்கரைப் படமும் ஆளில்லா விமானப் படமும் எதையும் சொல்லாது.

ஆற்று வாயையும் கவனியுங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மழைக்குப் பின் அந்தப் பக்கம் சேறு இறங்கும். எந்த நாட்டுத் தீவானாலும் ஆற்றுக்கு அருகில் தெளிவை எதிர்பார்க்க வேண்டாம்.

வற்றுப் பெருக்கை மறப்பது

இலங்கையில் வற்றுக்கும் (கடல்நீர் இறங்குவது) பெருக்குக்கும் (ஏறுவது) இடையே ஒரு மீற்றர்கூட இல்லை என்பதால் நம்மவர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தமானில் வித்தியாசம் இரண்டு மீற்றரைத் தொடும். வற்றில் போனால் பாறை வெளியே தெரிய, நடந்து போகக்கூட முடியாது. (அங்கே உவர்நீர் முதலையும் உண்டு, எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் இறங்கவே வேண்டாம்.) புறாமலையிலும் முருகை மேலோட்டமாகவே கிடக்கிறது. வற்று நேரத்தில் வயிறு உரசும் அளவுக்கு நீர் குறையும் இடங்கள் உண்டு. பதறி எழுந்து நிற்பவர் முருகையையும் முறிப்பார், காலையும் கிழிப்பார். பெருக்கு ஏறும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே தீவு

அப்பா நன்றாக நீந்துவார், அம்மம்மாவுக்கு நீச்சல் தெரியாது, பிள்ளைக்கு எட்டு வயது. இவர்களுக்குக் கரையிலிருந்தே இறங்கக்கூடிய, அலை உடைக்கும் பாறைக்கு உட்புறமான களப்பு வேண்டும்; படகிலிருந்து ஆழத்தில் குதிக்கும் இடம் சரிவராது. நிற்காமல் 200 மீற்றர் நீந்தவும், கைகால் அடிக்காமல் பத்து நிமிடம் மிதக்கவும் முடியாதவர் ஆழ்கடல் பயணத்தைத் தேர்வு செய்யக் கூடாது. மாஸ்க்கைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள்; கையை விட்டாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசை அடர்த்தி என்றால் நீர் கசியும். சுறாவுக்குப் பயந்து புறாமலையை ஒதுக்குபவர்கள் உண்டு. அங்கே காண்பது கருமுனைச் சுறா, வெட்கப்பட்டு விலகிப் போகும் இனம்.

செலவைத் தலைக்குக் கணக்கிடுவது

புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களச் சீட்டு ஒன்று, படகு வாடகை இன்னொன்று. படகுக்கு முழுப் படகு விலைதான். இருவர் போனாலும் ஆறு பேர் போனாலும் பெரிதாக மாறாது, ஆகவே ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். சீட்டில் உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் இடையே வெகுதூரம். இங்கே பிறந்தவரானாலும் கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் பெரிய கட்டணத்துக்கே ஆயத்தமாகப் போக வேண்டும்; தேசிய அடையாள அட்டை உள்ளவர்கள் அதை விடுதியில் விட்டுவிட்டு வரக்கூடாது. போயா நாளும் (பௌர்ணமி விடுமுறை) பாடசாலை விடுமுறை வார இறுதியும் நெரிசல், மணல் கலங்கி மீனே தெரியாது. வார நாளில், பூங்கா திறந்ததும் புறப்படும் முதல் படகில் ஏறுங்கள்.